நான் நடத்தாத அடக்க ஆராதனை

1

ஊரிலிருந்து எழுதுபவர்கள் வழக்கமாகச் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவர் சென்ற மாதம் நேராகவே கேட்டிருந்தார்: "உன்னாலைதான் உங்கட சேர்ச் ரண்டாய் உடைஞ்சதெண்டு இஞ்சை கதைக்கினம். உண்மையோ?"

ஓம், உண்மை என்று ஒரு வரியில் பதில் போட்டேன். அன்றைக்குத்தான் ஓர் அடக்க ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். அது என் ஆலயத்தில் நடந்தது. ஆனால் நான் நடத்தவில்லை. அந்தக் கதையைச் சொன்னால்தான் நண்பரின் கேள்விக்கு முழுப் பதிலாக இருக்கும் என்று படுகிறது. அவரைப்போலக் கேட்க நினைத்துக் கேளாமல் விட்டவர்களும் இதை வாசிக்கலாம்.

நான் கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில், ஓர் அங்கிலிக்கன் ஆலயத்தின் குருவானவர். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஆங்கில ஆராதனை, பதினொன்றரைக்குத் தமிழ் ஆராதனை. இரண்டுக்கும் ஒரே திருமேசை, ஒரே கார் தரிப்பிடம். கார் தரிப்பிடத்தைப் பற்றித்தான் சபையில் அதிகம் சண்டை வரும்.

ஐந்து வருடங்களுக்கு முன் நான் கிளமென்ற் என்பவரை மணந்தேன். அவரும் தமிழர்தான், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவரை அறிமுகப்படுத்த எனக்கு இன்னும் சரியான சொல் அகப்படவில்லை. ஆங்கிலப் படிவங்களில் 'ஸ்பவுஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. தமிழில் வாழ்க்கைத்துணை என்று அச்சில் உண்டு, வாயில் வருவதில்லை. எங்கள் பெண்கள் 'என்ரை மனுசன்' என்பார்கள். அதை நான் சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும், எனக்கே வரும். ஆகவே பேரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

இங்கே திருச்சபையின் சட்டம் இந்த விஷயத்தில் அரையும் குறையுமாகத்தான் நிற்கிறது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணக்க இடம் கொடுத்துத் திருமண விதியை மாற்றும் பிரேரணை நாடளாவிய மன்றத்தில் வாக்குப் போதாமல் விழுந்தது. அதற்குப் பிறகு, அந்தந்தப் பேராயர் தன் மறைமாவட்டத்தில் அனுமதிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் பேராயர் அனுமதித்தார். வேறு மாகாணத்தில் இருந்திருந்தால் நான் இன்று வேறு வேலை தேடியிருப்பேன்.

2

ஜெபரத்தினம் அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இருபத்துமூன்று வயதில் அகதியாக வந்து இறங்கியபோது, டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். ஜெபரத்தினம் அண்ணை கீழ் மாடியில் குடும்பத்தோடு இருந்தார். ஊரில் ஆசிரியர், இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். நான் அங்கிலிக்கன் என்று கேள்விப்பட்டதும் மேலே ஏறி வந்து, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், எந்த பஸ் எடுக்க வேண்டும் என்று சொன்னார். வரும்போது தன் பழைய பனிச் சப்பாத்தையும் கொண்டுவந்திருந்தார். அது எனக்கு ஓர் அளவு பெரிது. இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு மூன்று குளிர்காலம் நடந்தேன்.

பிறகு நான் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, என் ஆங்கிலம் போதாது என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை ஜெபரத்தினம் அண்ணை இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நான் குருவாக அபிஷேகம் பெற்ற நாளில் இருந்து என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்தி 'ஃபாதர்' என்றார். பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. அவருடைய மனைவி செல்வமணி அன்ரி மட்டும் கடைசிவரை தம்பி என்றே சொன்னா.

நான் மணம் செய்ததை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். வேறு வழியால் அவர்கள் காதில் விழுவதை நான் விரும்பவில்லை. நிலக்கீழ் மண்டபத்தில், மடக்குக் கதிரைகளில் எல்லோரும் இருந்தார்கள். முதலில் எழும்பியவர் ஜெபரத்தினம் அண்ணை.

"ஃபாதர், நான் உங்களை வெறுக்கேல்லை. ஆனா இதுக்கு ஆமென் சொல்ல எனக்கு ஏலாது. சொல்லாமல் இஞ்சை இருக்கவும் ஏலாது."

அந்த மாதத்தோடு தமிழ்ச் சபையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். வோபர்ன் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து, கனடாத் திருச்சபையிலிருந்து பிரிந்து நிற்கும் அங்கிலிக்கன்களோடு சேர்ந்துகொண்டார்கள். நான் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள், நான் கலியாணம் செய்துவைத்த சோடிகள் எல்லாம் போனதில் அடக்கம். கடைகளில் கண்டால் சிலர் தலையாட்டுவார்கள். சிலருக்கு அந்த நேரம் பார்த்து அரிசிப் பையில் உள்ள எழுத்துகளை வாசிக்க வேண்டியிருக்கும்.

செல்வமணி அன்ரி கணவனோடு போனா. ஆனால் ஒவ்வொரு மார்கழியும் நத்தாருக்கு மகள் ரூபியிடம் ஒரு கேக் ரின் கொடுத்தனுப்புவா. மூடியில் ஒட்டிய தாளில் என் பேரும் கிளமென்ற்றின் பேரும் இருக்கும். கிளமென்ற்றின் பேரைத் தமிழில் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பா.

3

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரூபி அழைத்தாள். நாலு வயதில் கனடாவுக்கு வந்தவள், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள், வீட்டுக் கடன் முகவராக வேலை செய்கிறாள். தகப்பனின் சபைக்கும் போவதில்லை, என்னுடையதற்கும் வருவதில்லை.

"ஃபாதர், அம்மா செத்துப்போச்சு," என்றாள்.

ஊரில் ஒருவரும் பெற்ற தாயைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது ஆடு மாட்டுக்குச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. நான் திருத்தவில்லை. எத்தனையோ மரண அறிவித்தல்களை வாசித்த எனக்கு, அந்தப் பிழையான தமிழ்தான் நேரே வந்து பட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அன்ரி ஒரே ஒரு விஷயம் கேட்டிருந்தா. தன்னைப் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்து எடுக்க வேண்டாம், பழைய சேர்ச்சில் இருந்து எடுக்க வேண்டும். இருபது வருடமாக அந்தத் திருமேசையின் பித்தளை விளக்குகளைச் சனிக்கிழமைகளில் மினுக்கியவ அவதான்.

மறுநாள் ஜெபரத்தினம் அண்ணையும் ரூபியும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். நாலரை வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவுக்குள் வந்தவர் மேல்கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். அன்ரியைப் பற்றி நான் சொன்னவற்றைத் தலைகுனிந்து கேட்டார். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார்.

"அவ கேட்டது இந்தக் கட்டிடத்தை. நான் மறுக்கேலாது. ஆனா ஆராதனை எங்கட சபை ஐயர் நடத்துவார். நீங்கள் முன்னுக்கு நிக்கக் கூடாது."

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் ரூபி. பிறகு என்னைப் பார்த்து, "அம்மா நீங்கள் நடத்தத்தான் விரும்பினவ, ஃபாதர்," என்றாள்.

அப்படி வாய் திறந்து சொன்னாவோ என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "சொல்லேல்லை. பட் ஐ நோ," என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அன்ரி சொல்லாத ஒன்றைத் தூக்கிப் பிடித்து, ஐம்பது வருடம் அவவோடு வாழ்ந்த மனிதரை மடக்குவது சரியாகப் படவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஜெபரத்தினம் அண்ணை எழும்பிக் கதவுவரை போய், நன்றி சொல்வதா விடுவதா என்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனார்.

4

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்று பின்னேரம் முழுவதும் கோபத்தோடுதான் இருந்தேன். அவர் தந்த சப்பாத்தோடு நடந்தவன் என்பதற்காக, என் ஆலயத்தில் என்னை ஓரமாய் நில் என்று அவர் சொல்லலாமா?

ஆனால் எனக்கு ஊரில் கண்ட இன்னொரு விஷயமும் ஞாபகத்தில் இருக்கிறது. எங்கள் ஆலயத்தில் இராசசிங்கம் மாஸ்ரர் என்று ஒருவர் ஓர்கன் வாசித்தார். கலியாணம் கட்டாதவர். நான் அப்போது பாடகர் குழுவில் இருந்தேன், வயது பதினெட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார். மாஸ்ரர் கொழும்புக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னா. இரண்டு கிழமை கழித்து அவரைச் சந்தியில், பேக்கரியில் பாண் வாங்கும்போது கண்டேன். என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கம் போனார், என்னைச் சங்கடத்தில் விடக் கூடாது என்பதற்காக. ஒருவரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. ஒருநாள் அவர் இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கு நானும் கேட்கவில்லை. ஏன் அவரை நிறுத்தினார்கள் என்று எனக்கு விளங்கியிருந்தது. கேட்டால் என்னையும் விளங்கிக்கொள்வார்கள் என்ற பயம்.

ஜெபரத்தினம் அண்ணை அப்படிச் செய்யவில்லை. எல்லோர் முன்னாலும் எழும்பி, என்னைப் பார்த்து, காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார். திருச்சபை உடைந்ததில் எனக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் அந்த மௌனத்தைவிட இந்த உடைவு எனக்கு மேல்.

மறுநாள் சம்மதம் என்று ரூபிக்குச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, சம்மதிப்பது என் கையில் இல்லை என்று. பேராயரின் அனுமதிப் பத்திரம் இல்லாத எந்தக் குருவும் எங்கள் ஆலயத்தில் ஆராதனை நடத்தக் கூடாது. அதற்கு ஒரு படிவம். வெளிக் குருவானவரை அழைக்கும் காரணம் என்ற இடத்தில் நாலு கட்டங்கள்: விடுமுறை, சுகவீனம், பதவி வெற்றிடம், வேறு. நான் 'வேறு' என்பதில் புள்ளடி போட்டேன்.

பேராயர் அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அன்றைக்கு நீங்கள் ஊரில் இல்லையா என்று கேட்டார். இருப்பேன் என்றேன். சுகமில்லையா? சுகமாகத்தான் இருக்கிறேன். அழைக்கப்படுகிறவர் எங்கள் திருச்சபையோடு ஐக்கியத்தில் உள்ளவரா? இல்லை, என்னோடு ஐக்கியமாக இருக்க முடியாது என்று போனவர்களின் குருவானவர், அதனால்தான் படிவம் நிரப்புகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் அவர் தட்டச்சுச் செய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆங்கிலச் சபையின் மூப்பர் மார்கிரற், யமேக்காவில் பிறந்த எழுபது வயது அம்மையார், என்னை விடக் கோபமாக இருந்தார். சாப்பிட வருகிறவர் சமைக்கிறவரை வெளியே நிற்கச் சொல்வது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். நான் கெஞ்சித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

கிளமென்ற்றைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. வேலைக்குப் போகச் சீருடை போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றபடி கேட்டார்: "உம்மை விலத்திப்போட்டு உம்மட மேசையிலை வேறை ஆள் நிக்கிறதுக்கு, நீரே கடிதம் எழுதிறீரோ?"

ஓம் என்றேன்.

"உது தாழ்மை எண்டு நினைக்கிறீராக்கும். எனக்கு உது அப்படித் தெரியேல்லை. உம்மை மட்டுமில்லை, என்னையும் சேர்த்துத்தான் அவையள் தள்ளி வைக்கினம். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

அது உண்மை. நான் அவரைக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அன்ரியின் ஆராதனைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

5

வெள்ளிக்கிழமை பேராயரின் கடிதம் வந்தது. அழைக்கப்பட்ட குருவானவர் அடக்க ஆராதனையை நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். ஆனால் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து வழங்குவதாக இருந்தால் ஆலயத்தின் குருவானவரே வழங்க வேண்டும்.

இதை நான் ஜெபரத்தினம் அண்ணைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ரூபியிடம் சொல்லி விடாமல் நானே அழைத்தேன். கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் திருவிருந்து இல்லாத ஞாயிறு ஒன்றைக் கண்டவர் அல்ல. காய்ச்சலோடும் வந்து வாங்குவார். மனைவியைத் திருவிருந்து இல்லாமல் அனுப்புவது அவருக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

"அப்ப, வேண்டாம்," என்றார்.

"அண்ணை, அன்ரிக்காக..." என்று தொடங்கினேன்.

"வேண்டாம். உங்களைக் குறைச்சுச் சொல்லேல்லை. எனக்கு ஏலாது."

சரி என்று வைத்துவிட்டேன். இந்த நாலரை வருடத்தில் நான் கேட்ட வார்த்தைகளில் எனக்கு மிகவும் வலித்தது அந்த 'வேண்டாம்'தான். என் கையால் வாங்குவதைவிட, வாங்காமலே இருப்பேன் என்கிறார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அழுதுகொண்டு சொன்னார்.

6

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆராதனை. குருவானவரின் வெள்ளைக் கழுத்துப் பட்டியைப் போடாமல், சாதாரணக் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு, பின்னாலிருந்து மூன்றாவது வரிசை வாங்கில் இருந்தேன். அந்த இடத்தில் இருந்து என் ஆலயத்தை நான் பார்த்ததே இல்லை. தூண் ஒன்று திருமேசையைப் பாதி மறைக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

போனவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பழக்கத்தில் அவரவர் பழைய இடங்களில் போய் இருந்தார்கள். மார்கிரற் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் ஆராதனை முறைத் தாளைக் கொடுத்தார், சிரிக்காமல்.

அவர்களுடைய குருவானவர் தமிழ்நாட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். திருமேசைக்கு முன் வந்து ஆரம்ப வசனத்தைச் சொன்னார். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. தட்டிப் பார்த்தார். திரும்பவும் சொன்னார். பின்வரிசைகளில் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஒலிப்பெட்டி பழையது. சுவிச்சைப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் ஒரு வயரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது எனக்கும் மார்கிரற்றுக்கும் மட்டும்தான் தெரியும். நான் மார்கிரற்றைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழும்பி நடுவழியால் முன்னுக்குப் போனேன். முன்வரிசையில் ஜெபரத்தினம் அண்ணை பாதி எழும்பிவிட்டார். நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயரை அழுத்தினேன். ஒலிபெருக்கி ஒருமுறை இரைந்துவிட்டுச் சரியாகியது. குருவானவர் மெல்லிய குரலில் நன்றி சொன்னார். அது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது. நான் திரும்பி வந்து இருந்தேன். ஜெபரத்தினம் அண்ணையும் இருந்தார்.

ஆராதனை நன்றாகவே நடந்தது. குருவானவர் செய்த பிரசங்கம் அன்ரியைப் பற்றி மட்டும்தான் இருந்தது. கடைசிப் பாட்டில் என் குரல் உடைந்தது. பின்வரிசையில் அழுவதற்கு வசதி உண்டு என்பதையும் அன்றுதான் கண்டேன்.

7

மயானத்தில் இருந்து திரும்பி வந்து நிலக்கீழ் மண்டபத்தில் சாப்பாடு. படியிறங்கிப் போனபோது தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிளமென்ற் நின்றார். காலை வேலையை முடித்துவிட்டுச் சீருடையோடே வந்திருந்தார். "அன்ரியின்ரை கேக் சாப்பிட்டனான் எல்லோ," என்று மட்டும் சொன்னார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு ஜெபரத்தினம் அண்ணை தன் பள்ளிக்கூட மண்டபத்துக்குத்தான் போனார், இன்றுவரை அங்கேதான் போகிறார். எங்கள் சபை ஒன்றாகவில்லை. ஆகும் என்று நான் நினைக்கவும் இல்லை. நடந்தது வேறு.

ஜெபரத்தினம் அண்ணை ஒரு மேசையில் தனியாக இருந்தார். சுற்றிலும் ஆட்கள் நின்றாலும் ஒருவருக்கும் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. கிளமென்ற் ஒரு கோப்பையில் தேநீர் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார். நான் இரண்டு மேசை தள்ளி நின்றேன். அண்ணை நிமிர்ந்து சீருடையையும் முகத்தையும் பார்த்தார்.

"ஊரிலை எவடம்?" என்று கேட்டார்.

எங்கள் ஆட்கள் முன்பின் தெரியாதவரைக் கண்டால் முதல் நிமிடத்திலேயே கேட்கிற கேள்வி அது. ரொறன்ரோவில் பஸ்ஸில், பல் வைத்தியரிடம், வரிசையில் நிற்கும்போதுகூடக் கேட்பார்கள். கிளமென்ற்றை என் சபையில் ஒருவரும், பிரிந்து போகாமல் நின்றவர்களும்கூட, அதுவரை கேட்டதில்லை. வீதி நிலவரம் கேட்பார்கள், பனி கொட்டுமா என்று கேட்பார்கள். ஊர் கேட்டால் அடுத்ததாக ஆருடைய மகன் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுவிட்டால் அவரும் யாரோ ஒருவருடைய பிள்ளையாகிவிடுவார்.

"பேசாலை," என்றார் கிளமென்ற்.

"மன்னார்ப் பேசாலையோ? நான் அங்கை மூண்டு வருசம் படிப்பிச்சனான், கலியாணத்துக்கு முந்தி. நீர் ஆற்றை மகன்?"

கிளமென்ற் தகப்பனின் பேரைச் சொன்னார். ஜெபரத்தினம் அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"பந்தடிக்கிற சவிரிமுத்துவோ? எனக்குத் தெரியும். நல்ல மனுசன். பள்ளிக்கூடத்துக்கு மீன் கொண்டுவந்து தாறவர். இருக்கிறாரோ?"

"இருக்கிறார்."

"கதைக்கிறனீரோ?"

எங்கள் கலியாணப் படம் யாரோ ஒருவர் மூலம் பேசாலைக்குப் போன கிழமையில் இருந்து கிளமென்ற்றின் தகப்பன் தொலைபேசியை எடுப்பதில்லை. தாய் எடுப்பா, இரகசியமாக இரண்டு நிமிடம் கதைப்பா. இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. கிளமென்ற் சம்மதித்ததால் எழுதுகிறேன்.

"இல்லை," என்றார் கிளமென்ற். "அவர் கதைக்கிறேல்லை."

ஏன் என்று ஜெபரத்தினம் அண்ணை கேட்கவில்லை. அவருக்குத் தெரியாத காரணம் ஒன்றும் இல்லை. தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், வெறுங் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவர் தானாய் எடுத்துக் கதைக்க மாட்டார். எங்கட வயசிலை எங்களுக்கு அது வராது. நீர் எடும். எடுத்துக்கொண்டே இரும்."

கிளமென்ற் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். ஜெபரத்தினம் அண்ணை என் பக்கம் திரும்பவில்லை.

மண்டபத்தைக் கூட்டிப் பூட்டிவிட்டு நாங்கள் காருக்கு வந்தபோது இரண்டு மணியிருக்கும். கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்துவிட்டு உள்ளே ஏறினேன். கிளமென்ற் சாவியைப் போட்டுவிட்டுக் காரை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

"இப்ப அங்கை என்ன நேரம்?" என்று கேட்டார்.

நள்ளிரவு தாண்டியிருக்கும், படுத்திருப்பார்கள் என்றேன்.

"அப்ப அங்கை விடியத்தான்," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.